டகவிரா விட்டுப்போன கோடுகள்

என் புருஷன் டகவிரா செத்த பிறகு எல்லோரும் என்னிடம் மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் சக்குப்வா சந்தையில் தக்காளி விற்கிறவள், "ஏய் நெட்சாய், அமுக்கிப் பாக்காதேடி" என்று காலமெல்லாம் கத்தியவள், இப்போது குரலைத் தாழ்த்தி நல்ல தக்காளியாகப் பார்த்துத் தானே பொறுக்கிக் கொடுக்கிறாள். என் பெயருக்கே எங்கள் பாஷையில் தொல்லை கொடு என்றுதான் அர்த்தம். பெற்றவள் தெரிந்துதான் வைத்திருக்கிறாள். அப்படிப்பட்டவளைப் போய் முட்டை மாதிரி தாங்கினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

என்னிடம் பழையபடி பேசியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி டகவிராவின் அக்கா எஸ்னத் மதினி. பேருந்து நிலையத்தில் பழைய துணி மூட்டை பிரித்து விற்கிறவள், தொண்டை பெரிசு, மனசும் பெரிசு. இன்னொருத்தன் நோமேட்டர். அவன் இந்தக் குடும்பத்துக்குச் சாவிரா. அவன் அப்பா இவர்கள் அப்பாவுக்குச் சாவிராவாக இருந்தார். சாவிரா எதையும் சொல்லலாம், யாரையும் கேலி செய்யலாம், பிணத்தின் எதிரில் நின்றுகூட. செத்தவனின் வாயாகப் பேசுகிற உரிமையும் அவனுக்குத்தான்.

டகவிராவை அடக்கம் செய்த அன்று நோமேட்டர் செத்தவனுடைய தொளதொளக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான். ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, சவப்பெட்டியின் மேல் கண்ணை ஓட்டினான். "நெட்சாய்! இந்தப் பெட்டிய எவன் இழைச்சது? கோடு கோடா கெடக்கு! நான் இதுல படுக்க மாட்டேன், சொல்லிட்டேன்!" என்று அச்சு அசலாக அவன் குரலில் கத்திக்கொண்டு பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அழுதுகொண்டிருந்த கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் ஒழுங்காக மூச்சு விட்டதே அப்போதுதான்.

எங்கள் பிழைப்பு கிடார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. தேவாலயப் பாட்டுக் குழுக்களுக்கும், பீர் ஹாலில் வாசிக்கிற பையன்களுக்கும் முக்வா மரத்தில் எலெக்ட்ரிக் கிடார் செய்து கொடுத்தோம். முக்வாவை வெட்டினால் ரத்தம் மாதிரிச் சாறு வடியும். காய்ந்தபின் பொன்னிறமும் சிவப்புமாக ஒரு நிறம் வரும் பாருங்கள், பார்த்துக்கொண்டே இருக்கலாம். பலகையை இழைப்பு மெஷினில் விட்டு, ரூட்டர் என்கிற சின்ன வெட்டு மெஷினால் உருவம் வெட்டுவது அவன் வேலை. மெஷின் விட்ட கோடு, அலை, தீய்ந்த கறுப்பு, எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து எடுப்பது என் வேலை. ஊர் முன்னால் அவனை "மோயோ" என்று குலப்பெயர் சொல்லி, நீங்க வாங்க என்று மரியாதையாகக் கூப்பிடுவேன். கொட்டகைக்குள் போய்விட்டால் நீ, வா, போ தான்.

நான் தேய்த்து முடித்ததை அவன் சோதிப்பான். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரு முறை துடைப்பான். ஒளிந்திருக்கிற கோடெல்லாம் ஈரத்தில் வெளியே வரும். வெயிலில் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பான். கடைசியில் கஞ்சிக்குச் சூடு பார்ப்பதுபோல் உதட்டால் தொட்டுப் பார்ப்பான். "கட்டுன பொண்டாட்டி இங்க நிக்கிறேன், கட்டைக்கு முத்தம் குடுக்குறான் பாரு" என்று நான் திட்டுவேன். எல்லாம் சரியாக இருந்தால் ஒரே ஒரு வார்த்தை சொல்வான். "ஒண்ணுமில்ல." அதற்கு மேல் அந்த ஆளிடமிருந்து பாராட்டு வராது. அந்த ஒரு வார்த்தைக்காக நான் நாள் முழுக்கத் தேய்த்திருக்கிறேன்.

இருமலில் படுக்கையில் விழுவதற்கு முன் அவன் கடைசியாக வெட்டிய கிடார்க் கட்டை கொட்டகைச் சுவரில் கொக்கியில் தொங்கியது. நான் அதைத் தொடவே இல்லை. அதன் முதுகில் நீளவாக்கில் மயிரிழை போல ஒரு மேடு ஓடும். ஊருக்கே பலகை இழைக்கிற மரக்கடை மெஷினின் கத்தி விளிம்பில் ஒரு சில்லு உடைந்திருந்தது, பழைய பலகையில் ஆணி இருந்ததைப் பார்க்காமல் ஓட்டி உடைத்ததே டகவிராதான். அதற்கப்புறம் அந்த மெஷினில் போன ஒவ்வொரு பலகையிலும் அந்த மேடு இருக்கும். இடுப்பு வளைவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு. ரூட்டரை ஓட்டிக்கொண்டிருந்தபோது நான் வாசலிலிருந்து "டீ ஆறுது, வர்றியா இல்லையா?" என்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்த்தான். மெஷின் நின்ற இடத்தில் மரம் தீய்ந்துவிட்டது. அந்தக் கறுப்புக்குள் என் குரல் இருக்கிறது.

வருஷம் திரும்பியது. அவன் சட்டைகளை மருமகன்களுக்கும், சைக்கிளைச் சித்தப்பா மகனுக்கும், கைக்கடிகாரத்தைத் தம்பி டொண்டராய்க்கும் எஸ்னத் மதினிதான் பங்கு பிரித்துக் கொடுத்தாள். தனக்கென்று ஒரு கைக்குட்டைகூட எடுக்கவில்லை. "எனக்கு எதுக்குடி? நான் துணி மூட்டைக்குள்ளயே கெடக்குறவ" என்றாள். பொருளெல்லாம் பிரித்தாகிவிட்டது. மிச்சம் நான்.

எங்கள் வழக்கம் இதுதான். குடும்பம் முற்றத்தில் கூடும். செத்தவன் கைபட்ட ஒரு சாமானை விதவை எடுத்து வர வேண்டும். யார் முன்னால் அவள் மண்டியிட்டு அதை நீட்டி, யார் வாங்கிக்கொள்கிறாரோ அவரோடு அவள் வாழ்வு. புருஷனின் தம்பி வாங்கினால் அவனுக்கு மனைவி. மகன் வாங்கினால், அல்லது நாத்தனார் வாங்கினால், யாருக்கும் மனைவி இல்லை, அதே வீட்டில் தன் பாட்டுக்கு இருந்துகொள்ளலாம். யாருமே வாங்கவில்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பிறந்த வீடு போக வேண்டியதுதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆக எனக்கு இருந்த ஒரே வழி எஸ்னத் மதினியின் இரண்டு கைகள்.

அந்தக் கைகளைத்தான் அவள் தர மாட்டேன் என்றாள்.

"என் முன்னால வந்து முட்டி போடாதே, சொல்லிட்டேன்" என்றாள், கொட்டகை வாசலில் நின்றுகொண்டு. "செத்த தம்பி சாமான வாங்கி ஒன்னத் தனியா உக்கார வைக்கிற பாவம் எனக்கு வேண்டாம். கையப் பின்னால கட்டிக்குவேன். டொண்டராய் என்ன குடிகாரனா? அடிக்கிறவனா?"

"நல்லவன்தான் மதினி. யாரு இல்லன்னா?"

"அப்புறம் என்ன? ஒனக்கு வயசு இருக்கு. நாளைக்கு வேற எவனாவது வந்து ஒன்னக் கூட்டிட்டுப் போயிட்டா நான் யாரோடடி சண்ட போடுவேன்?"

அவள் மேல் எனக்குக் கோபமாக வந்தது. கோபப்பட முடியாமலும் இருந்தது.

டொண்டராய் உண்மையிலேயே நல்லவன். மினி பஸ் ஓட்டுகிறான், சாப்பாடு போட்டால் தட்டை வழித்து வைப்பான். பொண்டாட்டி விட்டுவிட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. குடும்பம் கூடவிருந்த வாரத்தின் தொடக்கத்தில் ஒருநாள் கொட்டகைக்குள் வந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் காலால் அளந்து நடந்தான்.

"என்னடா அளக்குற?"

"இல்ல அண்ணி… சும்மா. பிராய்லர் கோழி வளக்கலாமேன்னு. காத்தோட்டம் நல்லா இருக்கு. இந்த மேசைய எடுத்துட்டா நெறைய கொள்ளும்."

"மேசைய எடுத்துட்டா?"

"கெடாரெல்லாம் இனி யாரு செய்யப்போறா அண்ணி? நீங்க ஏன் இந்தத் தூசியில கெடந்து கஷ்டப்படணும்? முட்டை பொறுக்கிட்டு ஹாயா இருக்கலாம்."

"பிராய்லர் முட்டை போடாதுடா, மடப்பயலே."

"அப்படியா?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டுவிட்டுப் போனான்.

நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மேசையின் விளிம்பு என் இடுப்பு பட்டுப் பட்டுத் தேய்ந்து குழிந்திருக்கும். டகவிரா போய்விட்டான், அதை நான் என்ன செய்ய முடியும். ஆனால் என் வேலையும் என்னைவிட்டுப் போய்விட்டால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன்? எனக்கு இந்தக் கொட்டகை வேண்டும். யாருக்கும் மனைவியாக இல்லாமல் இந்த மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

மறுநாள் எஸ்னத் மதினி எந்தச் சாமானை எடுத்துவருவது என்று தீர்மானிக்க வந்தாள். ஊர்ப்புறமாக இருந்தால் கைத்தடி, கோடாலி என்று ஏதாவது இருக்கும். இவன் டவுனில் கிடந்தவன், கைத்தடிக்கு எங்கே போவது? அவள் கண் கொக்கியில் நின்றது. கட்டையை இறக்கி உள்ளங்கையால் தடவினாள்.

"இதுதான். இதுல அவன் கை அப்படியே இருக்கு பாரு. இந்தக் கோடு, இந்த அலை, எல்லாம் அவன் ஓட்டுனது. நீ இன்னும் கை வைக்கல. நீ தேய்ச்சிட்டா அது ஒன் வேலை ஆயிரும். இப்ப இது அவன் சாமான்."

கொக்கியில் திரும்ப மாட்டிவிட்டுப் போய்விட்டாள். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியாது. நான் அந்தக் கட்டையைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ தேய்ச்சிட்டா அது ஒன் வேலை.

தம்பியின் சாமானை வாங்க மாட்டேன் என்று அவள் சத்தியம் செய்யலாம். என் கையால் செய்ததை நான் பரிசாக நீட்டினால்? மரத்தை வெட்டியது அவன்தான், முற்றத்தில் மண்டியிட்டு நான் நீட்டி அவள் வாங்கிவிட்டால் வழக்கமும் நிறைவேறிவிடும். எங்கள் ஊரில் கொடுத்ததை வாங்காமல் விடுவது கொடுத்தவர் முகத்தில் துப்புவது. போன மழைக்காலத்தில் நோமேட்டர் எலி கடித்த ஒரு தொப்பியைக் காகிதத்தில் சுற்றி, பத்துப் பேர் முன்னால் "எஸ்னத்துக்கு என் அன்புப் பரிசு" என்று நீட்டினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் குவித்துத் தட்டி, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அதைத் தலையில் போட்டுக்கொண்டும் நிற்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்டவள் என் பரிசுக்குக் கையைப் பின்னால் கட்டிவிடுவாளா?

ஆனால் அதற்கு அந்தக் கட்டையில் டகவிராவின் கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. அங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை. அவன் தலையணையில் இப்போது அவன் வாசனைகூட இல்லை. இதிலிருந்தும் அவனை நானே துடைத்தெடுக்க வேண்டும்.

"என்ன மன்னிச்சுருடா" என்று சொல்லிவிட்டுக் கட்டையை இறக்கினேன்.

பழைய ரப்பர் செருப்பை வெட்டி அதில் முரட்டு உப்புத்தாளைச் சுற்றினேன். முதலில் பென்சிலால் கட்டை முழுவதும் கிறுக்க வேண்டும். மேட்டில் இருக்கிற கிறுக்கல் முதலில் போகும், பள்ளத்தில் இருப்பது கடைசிவரை நிற்கும். எல்லாக் கிறுக்கலும் போனால்தான் மட்டம். ரேகை போகிற திக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே போனால் மரம் காலத்துக்கும் மறக்காது. தாளைப் படிப்படியாக நைசாக்கிக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டு ஒரு தாளைத் தாண்டினால் முன் தாளின் கீறல் அடியில் பதுங்கியிருந்து பாலிஷ் போட்ட பிறகு பல்லைக் காட்டும்.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காலையில் மலையிலிருந்து பனி இறங்கிக் கொட்டகை வாசல்வரை வந்து நிற்கும். அது விலகுவதற்குள் நான் தேய்க்க ஆரம்பித்திருப்பேன். கரண்ட் இருக்கும்போது ரேடியோ பாடும், பாட்டின் நடுவே கரண்ட் போய்விடும், பாட்டு என் கையில் தொடரும். முக்வாத் தூள் எழும்பித் தகரத்தின் ஓட்டைகளில் விழும் வெயிலில் சிவப்பும் பொன்னுமாக மிதக்கும். கண்ணை மூடிக்கொண்டுதான் தேய்ப்பேன். மூடினால் கை நன்றாகப் பார்க்கும். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். கொஞ்ச நேரத்தில் நான் தேய்க்கிறேனா, கட்டை என் கையை இழுத்துக்கொண்டு போகிறதா என்று தெரியாது.

அப்போது அவன் வருவான். பேய் பிசாசு என்று நினைக்காதீர்கள், எனக்கு அதெல்லாம் ஆகாது. வேலை செய்துகொண்டிருக்கும்போது வழக்கமாக வருவதுபோல் வருவான். பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பான்.

"மெதுவா" என்பான்.

"நீ செத்தும் வாய மூட மாட்டியா?"

"விளிம்ப மழுக்கிராதே."

"எனக்குத் தெரியாதாக்கும்."

திரும்பிப் பார்த்தால் போய்விடுவான் என்று எனக்குத் தெரியும். அதனால் திரும்பவில்லை. அந்த நீள மேடு முதல் நாளிலேயே போய்விட்டது. எத்தனையோ கட்டில்களில், கதவுகளில், அவன் சவப்பெட்டியில்கூட ஓடிய மேடு. அலைகள் மெல்லமெல்ல அடங்கின, காற்று நின்ற குளம் மாதிரி. கறுப்புத்தான் லேசில் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கப் பழுப்பாகி, தேன் நிறமாகி, ஒரு மதியம் தாளைத் தூக்கிப் பார்த்தபோது அங்கே வெறும் மரம் இருந்தது. டீ ஆறுது, வர்றியா இல்லையா என்று வாய்விட்டுச் சொன்னேன். பின்னால் ஸ்டூல் சும்மா இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து தூளோடு தூளாக அழுதேன். மூக்கெல்லாம் சிவப்பாக வடிந்தது. அழுது முடித்து, முகத்தைக் கழுவி, அடுத்த தாளை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நோமேட்டர் எட்டிப் பார்த்தான். நிலைப்படியில் சாய்ந்துகொண்டு கொக்கியைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்குச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

"ஏண்டி, குரங்குக்குப் பவுடர் போட்ட மாதிரி நிக்கிற?"

"வேலையிருந்தா பாரு. இல்லன்னா கெளம்பு."

"எஸ்னத் ஒன்னக் கொல்லப் போறா."

"கொல்லட்டும். அப்பவாவது ஒங்க யார் மூஞ்சியையும் பாக்காம இருக்கலாம்."

அவன் சிரிக்கவில்லை. உள்ளே வந்து கட்டையில் கை வைத்துப் பார்த்தான்.

"அவன் வாயா நாளைக்கு நான்தான் நிக்கணும்" என்றான். "பொய் சொல்ல மாட்டேன் நெட்சாய். அவன் பேரச் சொல்லிக்கிட்டு என்னால முடியாது. கோடு இருந்தா இருக்குன்னுதான் சொல்லுவேன்."

"இருக்காது."

அவன் போன பிறகு கொம்பின் உள்வளைவைத் தேய்க்க உட்கார்ந்தேன். கிடாரின் கழுத்துக்குப் பக்கத்தில் மாட்டுக் கொம்பு மாதிரி வளைகிற இடம் அது. அங்கே ரேகை தலைகீழாகத் திரும்பும், ரப்பர் நுழையாது, விரலில் தாளைச் சுற்றித்தான் தேய்க்க முடியும். இருட்டும்வரை தேய்த்தேன். என் விரல் நுனிகளும் தேய்ந்து, கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. தடவினால் எல்லாமே வழுவழுவென்றுதான் இருந்தது.

சனிக்கிழமை முற்றத்தில் பாய் விரித்தார்கள். ஆண்கள் பெஞ்சில், நாங்கள் பாயில். தானிய பீர் பானையில் நுரைத்துக்கொண்டிருந்தது. சித்தப்பாதான் குடும்பத்துக்குப் பெரியவர். அவர் பேசும்போது கண் என்மேல் பாதி, பானைமேல் பாதி. டொண்டராய் புதுச் சட்டை போட்டு, வேர்த்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"நெட்சாய், மோயோவோட சாமான எடுத்துட்டு வாம்மா" என்றார் சித்தப்பா.

கொண்டு வந்தேன். துணியை விலக்கினேன். வெயில் அதன்மேல் விழுந்ததும் பெண்கள் பக்கம் ஒரு "ஆத்தாடி" கேட்டது. எஸ்னத் மதினி மட்டும் எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"தேய்ச்சேன் மதினி."

"யாரக் கேட்டுத் தேய்ச்ச?"

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து அதத்தான் செய்யுறேன். யாரக் கேக்கணும்?"

முற்றம் இரைந்தது. இது அவன் சாமானா, இவள் சாமானா? அறுத்தது அவன்தானே? தேய்ச்சது இவதானே? சித்தப்பா பானையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "செத்தவனையே கேளுங்கப்பா" என்றார்.

நோமேட்டர் எழுந்தான். கோட்டை முன்னாலேயே மாட்டியிருந்தான். தோளைத் தொங்கவிட்டு, இடது காலை லேசாக இழுத்து நடந்து வந்தான். அது டகவிராவின் நடையேதான். பையிலிருந்து ஸ்பிரிட் துணியை எடுத்து முன்புறம் துடைத்தான், பின்புறம் துடைத்தான். மரம் ஈரத்தில் சிவந்தது. வெயிலுக்குச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். திருப்பினான். மறுபடி பார்த்தான்.

"ஒண்ணுமில்ல" என்றான்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அந்த ஒரு வார்த்தை, அதே அலட்சியத்தோடு.

"இதுல நான் எங்கய்யா இருக்கேன்?" என்று டகவிராவின் குரலில் சித்தப்பாவைக் கேட்டான். "இது என் பொண்டாட்டி வேலை. இத என் சாமான்னு சொல்லி என் மானத்த வாங்காதீங்க."

"சரி, அப்ப வேற எதையாவது கொண்டாங்க" என்று சித்தப்பா ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் நான் கட்டையை வாங்கிக்கொண்டு போய் எஸ்னத் மதினி முன்னால் மண்டியிட்டேன். இரண்டு கையாலும் நீட்டினேன்.

"மதினி, இது என் கையால செஞ்சது. ஒங்களுக்குத்தான் தர்றேன்."

அவள் கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. எல்லார் கண்ணும் அந்தக் கைகளைத் தேடியது.

"என்ன எஸ்னத்து, எலித் தொப்பிய வாங்குனவ, இத வாங்க மாட்டியா?" என்றான் நோமேட்டர், இப்போது சொந்தக் குரலில்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொலைவெறி இருந்தது. பிறகு கைகள் முன்னால் வந்தன. குவித்து இரண்டு தட்டுத் தட்டினாள். வாங்கினாள். கனமான கட்டை, ஒரு கை கொம்பைப் பிடித்தது, கட்டைவிரல் உள்வளைவுக்குள் போனது.

அங்கே நின்றது.

எனக்குத் தெரியும். விரலில் ஏதாவது தட்டுப்பட்டால் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாதா? கட்டைவிரல் மெல்லப் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தது. ஈரம் படாத, வெயில் விழாத இடம். ஏதோ ஒன்றை விட்டுவிட்டேன். அவள் வாயைத் திறந்தால் போதும். இதில் என் தம்பி இருக்கிறான், இது அவன் சாமான்தான் என்று கையை உதறிவிடலாம். டொண்டராய் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான்.

"என்ன எஸ்னத்து? சுத்தமா இருக்கா?" என்றார் சித்தப்பா.

அவள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் பிறந்த வீட்டுக்கே போய்த் திரும்பிவிட்டேன்.

"வழுவழுன்னு இருக்கு சித்தப்பா" என்றாள்.

பெண்கள் குலவை போட்டார்கள். "மரத்துல கைபட்டது அவன்தான், அவ முட்டி போட்டா, இவ வாங்கிட்டா, நாத்தனார் கையில போய்ச் சேந்திருச்சு, முடிஞ்சுது. பானைய இங்க தள்ளுங்க" என்றார் சித்தப்பா.

"அப்ப கோழி?" என்றான் டொண்டராய்.

"கோழிய நீயே கட்டிக்கடா" என்றான் நோமேட்டர். டொண்டராய்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். பாவம், அவனுக்கும் ஏதோ பாரம் இறங்கியிருக்க வேண்டும்.

பொழுது சாயும்போது கொட்டகைக்குப் போனேன். எஸ்னத் மதினி அவன் ஸ்டூலில், கட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தகர ஓட்டைகளில் வெயில் சிவந்திருந்தது. தூள் இன்னும் அடங்காமல் மிதந்தது.

"ஒரு எடம் விட்டுட்ட" என்றாள்.

"அப்ப ஏன் சொல்லல மதினி?"

அவள் கொம்பைத் தடவினாள். "நீ என்ன ஏமாத்துனதுக்கு ஒன் முதுகுல நாலு வைக்கணும்னுதான் நெனச்சேன். அப்புறம் வெரல்ல இது தட்டுச்சு. சின்னச் சின்ன அலை. அப்பவே அவனுக்கு இருமல் வந்துருச்சு இல்ல? மெஷினப் பிடிச்சுக்கிட்டே இருமியிருக்கான். கை உதறியிருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "ஊருக்கெல்லாம் அவன் சாமானப் பிரிச்சுக் குடுத்தேன். எனக்குன்னு எதையும் எடுக்கலடி. இது என் பங்கு. இதத் தேய்ச்சியோ, கைய ஒடிச்சிருவேன்."

"எங்க, காட்டுங்க."

என் விரலைப் பிடித்துக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் விரல் நுனியில் தோலே இல்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே என்றாள். அப்போதும் தெரியவில்லை. குனிந்து, கட்டையை முகத்தருகே தூக்கி, அவன் செய்வதுபோல உதட்டை வைத்தேன்.

இருமிக்கொண்டிருந்தான்.